உலகியல் அறிவும் ஆசிரியப் பணியும்: துள்ளம் தந்த திரு.வி.க.

நல்லாசிரியர் எனப்படுவார் யார் என்னும் வினாவிற்குத் தமிழ் இலக்கணம் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்குரிய இயல்புகளை அடுக்கிச் செல்கிறார். அருள் வேண்டும், கலைகளிற் பயின்ற தெளிவு வேண்டும், கருத்தைக் கட்டி உரைக்கும் வன்மை வேண்டும். இவற்றோடு அவர் நிறுத்தவில்லை. உலகியல் அறிவும் வேண்டும் என்கிறார். நூலறிவு மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்பதே இதன் பொருள். வாழ்ந்து அறிந்ததும், உழைத்து அறிந்ததும், ஊரோடு பழகி அறிந்ததும் கற்பித்தலின் பகுதிகளே என்று இலக்கணமே விதி செய்திருக்கிறது.

அம்முனிவர் எடுத்தாளும் உவமைகளும் உழைப்புலகிற் பிறந்தவை. நல்லாசிரியர்க்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. நிலம் உழவனுக்குத் தெரிந்தது. நிறைகோல் வணிகன் கையில் இருப்பது. ஆசிரியராகாதார்க்குச் சொல்லப்பட்ட உவமைகளுள் பருத்திக் குண்டிகை ஒன்று. வாய் குறுகிய குடுவையிற் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்தல் வேண்டும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே எடுத்தல் வேண்டும். அரிதிற் கற்று, அரிதிற் சொல்லும் ஆசிரியன் அத்தகையவன். பஞ்சு அடைத்த குடுவையைக் கையாண்ட மக்கள் நடுவில் வாழ்ந்தவருக்கே இவ்வுவமை தோன்றும்.

இவ்விதிக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் விளக்கமாய் விளங்கியவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் திரு.வி. கலியாணசுந்தரனார். தமிழ்த் தென்றல் என்று போற்றப்பட்ட அப்பெரியார், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என விரியும் இந்த மேற்குப் புறநகர் வட்டாரத்திற்கு உறவுடையவர் என்பது இம்மலரைப் படிப்போர்க்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

துள்ளமும் இராயப்பேட்டையும்

திரு.வி.க. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். போரூரை அடுத்த அவ்வூர் இன்று தண்டலம் என வழங்குகிறது. தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் தோன்றிய குன்றத்தூரும், வைணவ மரபில் இராமாநுசருக்கு வழிகாட்டிய பெரியாராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகளின் பூவிருந்தவல்லியும் இவ்வட்டாரத்தின்கண் உள்ளவையே. திருக்கச்சி நம்பிகள் இறைவனுக்கு விசிறி வீசும் தொண்டு பூண்டவர். பெருநூல்களை எழுதிக் குவித்தவரல்லர். தொண்டின் வழியே ஆசானானார் என்பது அம்மரபு அவருக்குத் தரும் பெருமை. திரு.வி.க.வின் பிற்கால வாழ்வை நோக்குவார்க்கு, இம்மண்ணின் பழைய மரபொன்று புதிய கோலம் பூண்டு வந்ததோ என எண்ணத் தோன்றும்.

திரு.வி.க.வின் முதல் ஆசிரியர் அவர்தம் தந்தையாரே. பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. 1894-இல் வெஸ்லி பள்ளியில் நான்காம் வகுப்பிற் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்தில் நோய் வந்து படிப்பைத் தடுத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மீண்டும் பள்ளிக்குச் சென்றார். உடன் தொடங்கியவர் முன்னே போய்விட, இளையவர்களோடு அமர்ந்து படிக்க நேர்ந்த மாணவரின் நிலை எத்தகையது என்பதை அவர் நூல்வழி அறியவேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் கற்பித்தவர்களிற் பெரும்பாலோர் கல்வியில் இவ்வாறு இடைமுறிந்தவர்களாகவோ, கல்வியே பெறாதவர்களாகவோ இருந்தனர். அவர்களிடம் அவர் இகழ்ச்சியின்றிப் பேசியதற்கு இவ்விளமை நினைவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

எழுதாத தேர்வு

வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழ்க் கண் திறந்தவர் யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற் பிள்ளை. அகராதி தொகுத்தவர்; சைவ நூல்களில் ஆழ்ந்தவர்; மேடையில் மாற்றாரை மடக்கும் நாவன்மை மிக்கவர். இராமலிங்க அடிகளாரின் பாடல்களை அருட்பா எனல் தகுமா என்பது பற்றி ஆறுமுக நாவலர் காலத்தில் எழுந்த பூசல், கதிரைவேற் பிள்ளை காலத்தில் மீண்டும் மூண்டது. அது நீதிமன்றம் வரை சென்றது. ஆசிரியர்க்காகச் சான்று கூறச் சென்றமையால் 1904-ஆம் ஆண்டில் ஆறாம் படிவத் தேர்வை எழுத இயலாது போயிற்று மாணவர்க்கு. அத்தோடு பள்ளிப் படிப்பு முற்றுப்பெற்றது.

ஒரு தேர்வு தவறினால் வாழ்வே தவறியது எனக் கொள்ளும் உலகம் இது. அன்றும் அவ்வாறே இருந்தது. ஆயினும், ஆசிரியர்பாற் கொண்ட பற்றுக்காகத் தேர்வை இழந்த அம்மாணவர், அவ்விழப்பினாலேயே தமிழை விட்டுவிடவில்லை. 1907-இல் கதிரைவேற் பிள்ளை மறைந்த பின், மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பயின்றார். தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை 1908-இல் நூலாக வெளியிட்டார். ஆசிரியர் – மாணவர் உறவைச் சான்றிதழுக்கு அப்பாற்பட்ட ஒன்றாக அவர் கொண்டமைக்கு இதுவே தொடக்கம். பட்டமும் சான்றிதழும் இல்லாதவர் பின்னாளில் கல்லூரித் தலைமைத் தமிழாசிரியராய் அமர்ந்தார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

கணக்கேடும் கரும்பலகையும்

1906-இல் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகப் பணியிற் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. 1907-இல் பிபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகள் இளைஞர் உள்ளங்களைக் கிளர்ந்தெழச் செய்தன. அவையோ ஆங்கிலச் சொற்பொழிவுகள். திலகர் பெருமானின் கொள்கையில் ஈடுபட்ட திரு.வி.க.வுக்கு வெள்ளையர் நிறுவனத்துப் பணி நெடுநாள் ஒத்துவரவில்லை. அதனின்றும் விலகினார்.

பின்னர் ஆயிரம்விளக்கு வெஸ்லியன் பள்ளியில் ஏறத்தாழ ஆறாண்டு ஆசிரியப் பணி. அதன்பின் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியப் பணி. சைவத்தில் ஊறிய ஒருவர் கிறித்தவ நிறுவனத்திற் பணியாற்றினார். எல்லாச் சமயங்களையும் ஒரு நெறியின் பல துறைகளாகக் காணும் சமரச நோக்கு பிற்காலத்தில் அவர்தம் நூல்களிற் பெரிதும் மணக்கிறது. பிற சமயத்தாரோடு நாள்தோறும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றிய வாழ்க்கைக்கு அந்நோக்கை வளர்த்ததில் பங்கில்லை என யாரும் கூறார்.

1917-ஆம் ஆண்டு இறுதியில் கல்லூரிப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். ஆசிரியர் என்னும் ஒரே சொல் பள்ளியில் கற்பிப்பாரையும் இதழ் நடத்துவாரையும் குறிப்பது தமிழின் நயம். திரு.வி.க. வாழ்வில் அது வெறும் சொல் நயமாக நிற்கவில்லை. வகுப்பறையை விட்டாரேயன்றிக் கற்பித்தலை அவர் விடவில்லை.

பெரம்பூரில் ஒரு வகுப்பு

பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் பல்லாயிரவர் வாழ்ந்தனர். அங்குக் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் தொழிலாளர் துயரத்தை நாள்தோறும் கேட்டறிந்தவர்கள். அவர்கள் நடத்திய வேங்கடேச குணாமிர்த வருஷணி சபை சமயச் சொற்பொழிவுக்கென அமைந்தது. அச்சபைத் தொடர்பின் வழியே தொழிலாளர் குறைகள் வெளியுலகிற்குத் தெரியவந்தன. நண்பகலில் உண்பதற்குக் கிடைத்த அரைமணி நேரம் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. ஆலையினின்று வெளிவந்து, கையலம்பி, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைவதற்குள் அவ்வரைமணி கழிந்துவிடும்.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் முதலாவது என்று அது போற்றப்படுகிறது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவருள் ஒருவர். வாடியா பார்சி வகுப்பினர், தமிழ் அறியாதவர். உரிமை, சங்கம், ஊதியம், வேலைநிறுத்தம் என்பனவெல்லாம் தொழிலாளர் செவிக்குத் தமிழில் சென்று சேரவேண்டியிருந்தன.

இங்கேதான் அதுகாறும் பெற்ற பட்டறிவெல்லாம் ஒருங்கு கூடின. சமய மேடையிற் பழகிய நா, நீண்ட கருத்தைச் சிறு வாக்கியங்களாக நறுக்கித் தரக் கற்றிருந்தது. வகுப்பறையிற் பழகிய உள்ளம், கேட்பவர் முகம் பார்த்துப் பேச அறிந்திருந்தது. வணிக நிறுவனத்திற் கணக்கெழுதிய கை, உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொலைவை எண்ணாற் காட்டவல்லது. அரசியல் மேடையில் ஆங்கிலமே கோலோச்சிய நாளில், தூய எளிய தமிழில் பெருங்கூட்டத்தைக் கட்டி நிறுத்தும் சொற்பொழிவு முறை அவரால் நிலைபெற்றது.

உலகப் புகழ் பெற்ற ஓர் ஒப்புமையை இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளர்க்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டினார். கற்போர் வாழ்க்கையிலிருந்தே சொற்களைத் தேர்ந்து, அவற்றின் வழியே எழுத்தையும் உலகையும் ஒருங்கே கற்பித்தல் அவர் முறை. செங்கல் என்னும் சொல்லைக் கற்கும் கூலியாள், வீடு யாருக்கு உரியது என்னும் வினாவையும் உடன் கற்பான். பிரெய்ரே எழுத்தறிவு தந்தார், திரு.வி.க. தந்தது செவியறிவு. எனினும், கற்பவன் அன்றாடம் படும் பாட்டிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என்னும் அடிப்படை, 45 ஆண்டுகட்கு முன்னரே பெரம்பூரில் செயற்பட்டது.

இவ்வகுப்பு எய்திய தோல்வியையும் மறைத்தல் ஆகாது. 1921-ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை சாதியின் பெயரால் பிளவுண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் பணிக்குத் திரும்பினர், புளியந்தோப்பிற் கலகம் மூண்டது, உயிர்கள் மாய்ந்தன. ஒரே ஆலையில் ஒரே சங்கின் ஒலிக்கு எழுந்தவர்கள், சேரிக்கும் தெருவிற்கும் இடையே கிடந்த பழைய பகையைக் கடக்க இயலவில்லை. மேடையில் விளங்கிய சமத்துவம் வாழுமிடத்தில் விளங்கவில்லை. நல்ல சொற்பொழிவு கற்பிக்கக் கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவ்வாண்டு காட்டியது. சாதி வேற்றுமையைக் கண்டிக்கும் குரல் திரு.வி.க.வின் பிற்கால எழுத்துகளில் இடையறாது ஒலிப்பதை இந்நிகழ்ச்சியோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

இதழகமும் ஒரு பள்ளி

1920-இல் திரு.வி.க. ‘நவசக்தி’யைத் தொடங்கினார். பிற்காலத்திற் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1923 முதல் சில ஆண்டுகள் அவ்விதழிற் பணியாற்றினார். வெ. சாமிநாத சர்மா ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இரண்டிலும் உடனிருந்து உழைத்தவர். ஒருவர் வரலாற்றுப் புதினத்தால் இலட்சக்கணக்கான வாசகரை ஈர்த்தார். மற்றவர் உலக அரசியல் அறிவைத் தமிழில் நூல் நூலாக வடித்தார். இருவர் நடையும் திரு.வி.க. நடையன்று. ஒருவர்க்கு நகைச்சுவை இயல்பு. மற்றவர்க்கு விளக்கவுரை இயல்பு. தம் நடையை மாணவர் மேல் ஏற்றாது, அவரவர் இயல்பு வளர இடம் தந்த இதழகம் அது என்பதற்கு இவ்வேறுபாடே சான்று. கவிஞர்கள் கூடும் வட்டங்களுக்கு இதனினும் வேண்டுவதோர் பாடம் இல்லை.

திருத்திக்கொண்ட அறிவு

பட்டறிவு ஆசிரியரை உருவாக்கும் என்பது உண்மை. ஆயின், அதே பட்டறிவு ஆசிரியரைக் கட்டிப் போடுதலும் உண்டு. ‘என் காலத்தில் இப்படித்தான்’ என்னும் ஒரு சொல்லால் மாணவன் வாயை மூடும் ஆசிரியர் எக்காலத்தும் உளர். பெற்ற பட்டறிவை மீண்டும் உரைகல்லில் இட்டுப் பார்ப்பவர் சிலரே.

திரு.வி.க. அச்சிலருள் ஒருவர். அருட்பாப் பூசலில் தம் ஆசிரியர் பக்கம் நின்று, அதற்காகத் தேர்வையும் இழந்தவர் அவர். அத்தகையவர் 1929-இல் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை எழுதினார். எவர் பாடல்களை மறுத்த ஆசிரியர்க்காகச் சான்று கூறச் சென்றாரோ, அவ்வள்ளலாரின் உள்ளத்தை உலகிற்கு விளக்கும் பணியைத் தாமே மேற்கொண்டார். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் அவர் கண்ட நாடும், பழகிய மக்களும், பட்ட துயரும் இம்மாற்றத்திற்கு வழி செய்தன. 1912-இல் மணந்த கமலாம்பாளை 1918-ஆம் ஆண்டிலேயே இழந்தார். பெற்ற மக்கள் இருவரும் அதற்கு முன்னரே மறைந்தனர். வீட்டில் வெறுமையும் வெளியில் தொழிலாளர் பசியும் கண்டவர்க்கு, அருட்பாவா மருட்பாவா என்னும் வழக்கினும் வள்ளலார் பேசிய உயிரிரக்கம் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இதனால் அவர் ஆசிரியர்க்கு இரண்டகம் செய்தார் எனல் பொருந்தாது. கதிரைவேற் பிள்ளையை அவர் என்றும் போற்றினார். ஆசிரியரைப் போற்றுதல் வேறு. ஆசிரியர் முடிவுகளிலேயே உறைந்து நிற்றல் வேறு. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையாலேயே கற்பித்தமை அவர்தம் ஆசிரியப் பணியின் முடிமணி எனலாம்.

1947-இல் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். இறுதிக் காலத்திற் கண்ணொளி குன்றியது. எனினும் பிறர் எழுத வாய்மொழியாக நூல்கள் சொன்னார். அவற்றுள் ஒன்றிற்கு ‘முதுமை உளறல்’ என்றும், மற்றொன்றிற்குப் ‘படுக்கைப் பிதற்றல்’ என்றும் பெயர் வைத்தார். தம் சொல்லைத் தாமே உளறல் என்று கூறிக்கொள்ளும் துணிவு, மாணவர் தம்மை மறுக்கலாம் என இசைவு தரும் ஆசிரியர்க்கே வரும். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார்.

அவர் வழியில் ஒருவர்

திரு.வி.க.வைத் தம் வழிகாட்டியாகக் கொண்டு, அவரைப் பற்றி நூலும் எழுதியவர் டாக்டர் மு. வரதராசனார். 1912-இற் பிறந்த மு.வ., பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். உடல்நலம் குன்றிப் பணியை விட்டார். ஓய்வில் இருந்த காலத்தே தமிழ் பயின்று, 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். திருப்பத்தூரிற் பள்ளியாசிரியராக இருந்தபின் 1939-இற் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வரானார்.

தாமே பயின்று தேறியவர் ஆதலின், ஆசிரியர் துணையின்றிப் படிக்கும் ஒருவருக்கு எது விளங்கும், எது விளங்காது என்பது அவருக்குத் தெரியும். 1949-இல் வெளிவந்த அவருடைய திருக்குறள் தெளிவுரை அத்தகைய வாசகரை எண்ணி எழுதப்பட்டது என்பது அதன் அமைப்பிலேயே விளங்கும். பைக்குள் அடங்கும் அளவு, அருஞ்சொற்களில்லாத உரை, குறளுக்கு ஓரிரு வாக்கியம். தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் நண்பர்க்கும் எழுதிய கடிதங்களாகத் தம் கருத்துகளை அவர் அமைத்ததும் அத்தகையதே. வகுப்பறைக்கு வர இயலாதவர் வீட்டிற்கு ஆசிரியர் கடிதமாகச் சென்றார்.

தொழிலூர்களும் இலக்கிய வட்டங்களும்

துள்ளத்திற்கு வடக்கே இன்று காணும் நிலப்பரப்பு திரு.வி.க. பிறந்தபோது ஏரியும் வயலும் தோப்புமாக இருந்தது. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1955 சனவரியில் ஆவடிக் காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதைக் குறிக்கோளாக ஏற்றது. 1960-களில் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் உழைக்க வந்தோர் இங்குக் குடியேறினர். பகலிற் கடைசல் எந்திரத்தின் முன் நின்றவர், மாலையிற் கவியரங்க மேடையில் நின்றார். பள்ளி ஆசிரியரும் பொருத்துநரும் அலுவலக எழுத்தரும் ஒரே பாயில் அமர்ந்து யாப்புக் கற்ற வட்டங்கள் இத்தகைய தொழிலூர்களிலேதான் தோன்ற இயலும்.

இவ்வட்டங்களில் மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை யாது என்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க வினாவன்று. எழுத வருகின்ற இளைஞன் நிலவையும் தென்றலையும் பாடி வருவான். அவன் கையிலோ இரும்புத் தூளும் எண்ணெய்க் கறையும் இருக்கும். அக்கைகள் அறிந்த சொற்கள் அவன் பாட்டில் இராமைக்குக் காரணம், அவை பாட்டிற்கு ஆகா என யாரோ அவனுக்குக் கற்பித்திருப்பதே. பாவின் தளையைத் திருத்துவதோடு மூத்தோர் பணி முடிந்துவிடுமாயின், நன்னூலார் கூறிய உலகியல் அறிவு அங்கு இல்லையாகும். இரவுப் பணி முடிந்து வரும் வழியில் என்ன கண்டாய் எனக் கேட்கும் மூத்தோரே அவனுக்கு ஆசிரியராவர்.

அங்ஙனம் கேட்பவர் தாமும் ஒன்றிற்கு அணியமாதல் வேண்டும். இளைஞன் கொணரும் உலகம் மூத்தோர் அறிந்த உலகமாக இராது. ஐம்பதாண்டுத் தொழிற்சங்க நினைவுடையவர் முன், ஒப்பந்தக் கூலியாக மாதந்தோறும் நிறுவனம் மாறும் இளைஞன் வந்து நிற்பான். அவனுக்குச் சங்கமும் இல்லை. நிலைத்த தொழிலிடமும் இல்லை. அவன் சொல்வதைக் கேட்டுத் தம் பழைய முடிவுகளைத் திருத்திக்கொள்ள முன்வருபவர், 1904-ஆம் ஆண்டின் வழக்கிற்கும் 1929-ஆம் ஆண்டின் நூலிற்கும் இடையே திரு.வி.க. நடந்த வழியில் தாமும் நடப்பவராவர். பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் எத்தனை நூல்களை வெளியிடும் என்பதோடு, எத்தனை இளைஞர் தம் உழைப்பின் சொல்லைக் கூசாமற் பாட்டில் வைக்க இங்குக் கற்றனர் என்பதையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.